லாங்டாக்: பெயர் கிடைக்காத ஒயின் நாட்டின் வரலாறு

பிரான்சின் தென்கரையில், ரோன் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து பிரெனீஸ் மலையடிவாரம் வரை, மத்தியதரைக் கடலை ஒட்டிப் பிறைபோல் வளைந்து கிடக்கும் நிலம் லாங்டாக். கார், எரோ, ஓட் ஆகிய மூன்று மாவட்டங்கள் இதில் அடங்கும். தெற்கே இதை ஒட்டியிருக்கும் ரூசியோன், 1659-ஆம் ஆண்டு பிரெனீஸ் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை ஸ்பெயின் அரசின் கீழ் இருந்த கட்டலான் மண். இவ்விரண்டும் சேர்ந்தது பிரான்சின் மிகப் பரந்த திராட்சை வட்டாரம். ஆனால் போர்தோ, பர்கண்டி, ஷாம்பெய்ன் என்ற பெயர்களை ஒயின் அருந்தாதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். லாங்டாக் என்ற பெயரை ஒயின் அருந்துவோரிலேயே பலர் அறியமாட்டார்கள். அதனால்தான் அங்கு விளையும் நல்ல ஒயின், அதே தரத்தில் வேறு இடத்தில் விளைவதைவிடப் பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இந்த விலையை நிர்ணயித்தது மண்ணின் குறை என்று எண்ணுவதற்கு இடமில்லை. கால்வாய், ரயில், பூச்சி, கலப்படம், கலகம் என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஒரு வரலாறுதான் அதை நிர்ணயித்தது.

சமவெளியும் குன்றும்

லாங்டாக்கின் நிலம் மூன்று படிகளாக எழுகிறது. கடலோரத்தில் காயல்களும் மணல்திட்டுகளும். அதற்கு மேல் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் படிந்த அகன்ற சமவெளி. அதற்கும் மேலே செவென், கருமலை, கோர்பியே ஆகிய மலைகளின் அடிவாரக் குன்றுகள். குன்றுகளில் மண் மெலிந்தது: சில இடங்களில் சுண்ணாம்புப் பாறை, சில இடங்களில் தகடு தகடாக உடையும் சிஸ்ட் பாறை. தைமும் ரோஸ்மேரியும் மண்டிய புதர்க்காடு இந்தப் பாறைகளை மூடியிருக்கிறது.

கோடை நீண்டது, வறண்டது. வடமேற்கிலிருந்து வீசும் திராமொந்தான் என்ற உலர்காற்று ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் கொடிகளின் ஈரத்தைத் துடைத்துவிடுவதால், மழை மிகுந்த வட்டாரங்களைப்போல் பூஞ்சை நோய்கள் இங்கே எளிதில் பரவுவதில்லை. திராட்சைக்கு இதைவிடத் தோதான தட்பவெப்பத்தைக் காண்பது அரிது.

சமவெளியின் ஆழமான வண்டலில் கொடி செழித்துக் குலை குலையாகக் காய்க்கும், சாறு நீர்த்திருக்கும். குன்றின் பாறை இடுக்கில் வேர்விட்ட கொடி குறைவாகவே காய்க்கும், சாறு அடர்ந்திருக்கும். அளவு வேண்டுமா, அடர்த்தி வேண்டுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் கொடுத்த விடைதான் லாங்டாக்கின் வரலாறு. கொடிகள் குன்றிலிருந்து சமவெளிக்கு இறங்கின. பிறகு நெடுங்காலம் கழித்துத் திரும்ப ஏறின.

கிரேக்கர், ரோமர்

கி.மு. 600 அளவில் கிரேக்கர் மசாலியாவை, அதாவது இன்றைய மார்செய் நகரை நிறுவினர். பின்னர் கரையோரமாக மேற்கே நகர்ந்து ஆக்ட் துறைமுகத்தை அமைத்தனர். தொடக்கத்தில் ஒயின் இத்தாலியின் எட்ருஸ்கன் வணிகர்களிடமிருந்து சாடிகளில் வந்து இறங்கியது. மோன்பெலியே நகருக்கு அருகே உள்ள லாத்தாரா என்ற பண்டைய துறைமுகத்தில் கி.மு. 425-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் பிழிமேடை ஒன்று கிடைத்தது. அதன்மேல் ஒயினின் வேதித் தடயம் இருந்ததை 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வாங்கிக் குடித்த மக்கள் தாங்களே பிழியத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இது பழைமையான சான்று.

கி.மு. 118-இல் ரோமர் நார்போ மார்த்தியுஸ் என்ற குடியேற்ற நகரை நிறுவினர். இத்தாலிக்கு வெளியே, கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் மண்ணில், அவர்கள் அமைத்த முதல் குடியேற்றம் அது; இன்று அதன் பெயர் நார்பான். இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைத்த தொமித்தியா சாலை அதன் வழியே சென்றது. அச்சாலையின் கற்பாளங்களை நார்பான் நகர மண்டபத்தின் முன் இன்றும் பார்க்கலாம். படைப்பணி முடித்த வீரர்களுக்கு இங்கே நிலம் கொடுக்கப்பட்டது. அவர்கள் கொடி நட்டார்கள். சாலெல்-தோட் என்ற ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெரிய குயவர் பட்டறையில் தட்டையான அடிப்பாகம் கொண்ட ஒயின் சாடிகள் பெருமளவில் வனையப்பட்டன. இவ்வகைச் சாடிகள் ரோம் நகர் வரை சென்றன.

மாகாணங்களில் உள்ள கொடிகளில் பாதியைப் பிடுங்க வேண்டும் என்று பேரரசர் தொமித்தியன் கி.பி. 92 அளவில் ஆணையிட்டார். ஆணை எந்த அளவுக்கு நிறைவேறியது என்பது ஐயத்துக்குரியது. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் புரோபுஸ் அதை நீக்கினார். அரசே கொடியைப் பிடுங்கச் சொல்லும் நிலை இந்த மண்ணுக்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் வர இருந்தது.

மடங்களும் கால்வாயும்

ரோமப் பேரரசு சிதைந்த பின் கொடியைக் காத்தவை கிறித்தவ மடங்கள். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அனியான், லாக்ராஸ் மடங்களும், பின்னர் வந்த வால்மாஞ், ஃபோன்ஃப்ருவாத் மடங்களும் குன்றுப் பகுதிகளைத் திருத்திப் பயிரிட்டன. மோன்பெலியேயின் மருத்துவப் பள்ளி ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கற்பித்த அர்னோ த வில்நெவ் என்ற மருத்துவரின் பெயரோடு ஒரு நுட்பம் சேர்த்துச் சொல்லப்படுகிறது. நொதித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றில் வடித்த சாராயத்தைச் சேர்த்தால் நொதித்தல் நின்றுவிடும். பழத்தின் இனிப்பு அப்படியே தங்கிவிடும். ஃப்ரோந்தினியான் ஊரின் மஸ்கட் ஒயினும், ரூசியோனின் பானியூல்ஸ், மோரி இனிப்பு ஒயின்களும் இந்த நுட்பத்தின் வழிவந்தவை. அமெரிக்காவின் தூதராகப் பிரான்சில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1787-இல் ஃப்ரோந்தினியானுக்கு நேரில் வந்தார். அந்த மஸ்கட்டைத் தம் வீட்டுக்கு வரவழைத்து அருந்தினார்.

லிமூ ஊருக்கு அருகில் உள்ள சாந்-இலேர் மடத்தில் 1531-இல் நுரைக்கும் ஒயின் உருவானது என்பது அவ்வட்டாரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அந்த மரபின்படி பார்த்தால், உலகப் புகழ் ஷாம்பெய்னுக்குப் போனாலும் மூத்தது லிமூதான்.

நல்ல ஒயின் இருந்தது. அதை விற்கும் வழி அடைபட்டிருந்தது. வட ஐரோப்பியச் சந்தைக்குக் கப்பல் ஏற்ற அட்லாண்டிக் துறைமுகமான போர்தோ வழியாகத்தான் போக வேண்டும். போர்தோ வணிகர்கள் தங்கள் ஒயின் விற்றுத் தீரும்வரை உள்பகுதி வட்டாரங்களின் ஒயினை நகருக்குள் விடாமல் தடுக்கும் பழைய உரிமையை வைத்திருந்தார்கள். பெசியே நகரில் பிறந்த உப்புவரி அதிகாரி பியேர்-பால் ரிக்கே, துலூஸ் நகரையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் மிதி கால்வாயை 1666-இல் வெட்டத் தொடங்கினார். 240 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய் 1681-இல் திறக்கப்பட்டது. அதைக் காண ரிக்கே உயிரோடு இல்லை. கால்வாயின் கடல்முனையில் செத் துறைமுகம் எழுந்தது. ஆயினும் மேற்கே போர்தோவின் தடை நீடித்தது. நிதியமைச்சர் துர்கோ 1776-இல்தான் அந்த உரிமையை ஒழித்தார். அதுவரை லாங்டாக் கண்ட மாற்றுவழி பிராந்தி. ஒயினை வடித்துச் சாராயமாக்கினால் கெடாது, இடமும் அடைக்காது. செத் துறைமுகத்திலிருந்து அது வடநாடுகளுக்குச் சென்றது.

இதற்கிடையே 1709-இன் கொடுங்குளிர் ஒலிவ மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பட்டுப்போன பல தோப்புகளில் உழவர்கள் திராட்சை நட்டார்கள். போர்தோவில் கொடிக்கு ஒரு பெயரும் பரம்பரையும் உருவாகிக்கொண்டிருந்த நூற்றாண்டில், லாங்டாக்கின் ஒயினில் பெரும்பகுதி கொப்பரையில் காய்ந்து பெயரில்லாத சாராயமாகிக்கொண்டிருந்தது.

ரயில் கொண்டுவந்த செல்வம்

1839-இல் மோன்பெலியேக்கும் செத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1850-களில் அந்தப் பாதை பாரிசோடும் போர்தோவோடும் இணைந்தது. வடக்கே ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிய காலம் அது. கடும் உழைப்பில் தாகத்தோடு நின்ற லட்சக்கணக்கான தொழிலாளர்களுக்கு மலிவான சிவப்பு ஒயின் அன்றாட உணவின் பகுதியாயிற்று. வாரக்கணக்கில் மாட்டுவண்டியில் போன பீப்பாய் இப்போது சில நாட்களில் பாரிஸ் போய்ச் சேர்ந்தது.

லாங்டாக் கோதுமையைக் கைவிட்டது, ஒலிவத்தைக் கைவிட்டது, ஆட்டு மந்தையைக் கைவிட்டது. கொடிகள் குன்றிலிருந்து இறங்கிச் சமவெளியை மூடின. அந்த வேலைக்கு ஏற்ற திராட்சை வகை அராமோன். நல்ல வண்டலில் ஒரு ஹெக்டேருக்கு 200 ஹெக்டோலிட்டருக்கு மேலும் தரக்கூடியது அது. இன்று அதே வட்டாரத்தின் குன்றுப் பகுதிகளில் விதிகள் அனுமதிக்கும் அளவு ஏறத்தாழ 50 ஹெக்டோலிட்டர். நூறு லிட்டர் ஒரு ஹெக்டோலிட்டர். அராமோனின் ஒயின் வெளிறியது, வலுவற்றது. அதற்கு நிறமூட்ட, சதையும் சிவந்த திராட்சைகளை பூஷே என்ற தந்தையும் மகனும் ஒட்டுச்சேர்த்து உருவாக்கினார்கள். அவற்றில் அலிகாந்த் பூஷே இன்றும் பல நாடுகளில் பயிராகிறது. 1850-களில் சாம்பல்நோய் பரவியபோது மோன்பெலியேயைச் சேர்ந்த ஆன்றி மாரெஸ் கந்தகத் தூளைத் தூவும் முறையைப் பரப்பினார். அதன் பின் தடை ஏதும் இல்லை.

பெசியே நகரம் தன்னை ஒயினின் தலைநகர் என்று அழைத்துக்கொண்டது. ஒயின் பணத்தில் எழுந்த மாளிகைகள் அந்தச் சமவெளியில் இன்றும் நிற்கின்றன. ஆனால் அந்தச் செல்வம் ஒயினின் பெயரால் வந்ததன்று, அளவால் வந்தது. போர்தோ தன் ஒயின்களை 1855-இல் தரவரிசைப்படுத்தி உலகுக்கு அறிவித்தபோது, லாங்டாக்கின் ஒயின் பாரிஸ் கிடங்குகளில் பெயர் இல்லாமல் பிற ஒயின்களோடு கலந்து கரைந்தது. பின்னாளில் வந்த துன்பங்களுக்கெல்லாம் வித்து இங்கே விழுந்தது.

வேரைத் தின்ற பூச்சி

1863-இல் கார் மாவட்டத்தின் புஜோ என்ற ஊரில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. ஆண்டுதோறும் அந்த அழிவு வட்டம் வட்டமாக விரிந்தது. 1868 ஜூலையில் மோன்பெலியேயிலிருந்து சென்ற குழு ஒன்று, செத்த கொடியை விட்டுவிட்டு உயிரோடு இருந்த கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தது. பேராசிரியர் ஜூல்-எமில் பிளான்ஷோன், கஸ்தோன் பசீல், ஃபெலிக்ஸ் சாஹூ ஆகிய மூவரும் அந்த வேரில் அப்பிக் கிடந்த மிகச் சிறிய மஞ்சள் பூச்சிகளைக் கண்டார்கள். அதுதான் ஃபில்லாக்சிரா. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு வந்து இறங்கிய வேர்ப்பேன் அது.

மருந்து கண்டுபிடிப்பவருக்கு அரசு 20,000 பிராங்க் பரிசு அறிவித்தது. பிறகு அதை 300,000 பிராங்காக உயர்த்தியது. பரிசு யாருக்கும் வழங்கப்படவே இல்லை. மண்ணில் கார்பன் டைசல்ஃபைடைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆற்றோரத் தோட்டங்களைக் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நீரில் மூழ்கடித்தார்கள். எக்-மோர்த் ஊரைச் சுற்றிய கடற்கரை மணலில் பூச்சி வாழமுடியாது என்று கண்டு அங்கே கொடி நட்டார்கள். நிலையான தீர்வாக அமைந்தது ஒட்டுக்கட்டுதல். பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து தாக்குப்பிடிக்கப் பழகிய அமெரிக்கக் கொடியை வேர்ப்பகுதியாகவும், ஐரோப்பியக் கொடியை அதன்மேல் ஒட்டாகவும் இணைத்தார்கள். பிளான்ஷோன் 1873-இல் அமெரிக்காவுக்குச் சென்று, மிசூரி மாநிலப் பூச்சியியலாளர் சார்ல்ஸ் ரைலியோடு இணைந்து ஆராய்ந்தார். சுண்ணாம்பு மண்ணில் அந்த வேர்கள் தளர்ந்தபோது, மோன்பெலியே வேளாண் பள்ளியின் பியேர் வியாலா 1887-இல் அமெரிக்காவுக்குச் சென்றார். டெக்சஸ் மாநிலத்தின் தாமஸ் மன்சன் துணையோடு சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும் இனங்களை அடையாளம் கண்டார். இன்று உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் ஒட்டுக்கட்டிய கொடியில் நிற்கின்றன. அந்த அறிவின் தலைமையிடமாக இருந்தது லாங்டாக்கின் மோன்பெலியே.

பிரான்சின் ஒயின் விளைச்சல் 1875-இல் 8 கோடி ஹெக்டோலிட்டரைத் தாண்டியிருந்தது. 1889-இல் ஏறத்தாழ 2.3 கோடியாகச் சரிந்தது. மறுநடவுக்குப் பெரும்பணம் வேண்டியிருந்தது. அதைச் செலவிட முடிந்தவர்கள் விரைந்து பணம் திரும்பும் இடத்தில், அதாவது சமவெளியில், நட்டார்கள். குன்றுகளின் கல்வரப்புத் தோட்டங்களில் பல திரும்ப நடப்படவே இல்லை. பூச்சி தின்றது போக மிஞ்சிய குன்றுத் தோட்டங்களை மறுநடவின் கணக்கு கொண்டுபோனது.

1907

விளைச்சல் இல்லாத ஆண்டுகளில் சந்தையை மூன்று பொருள்கள் நிரப்பின. கடல்கடந்த அல்ஜீரியாவில் பிரெஞ்சுக் குடியேறிகள் நட்ட தோட்டங்களிலிருந்து வந்த ஒயின் ஒன்று. கிரேக்க, துருக்கிய உலர்திராட்சையை ஊறவைத்து நொதிக்கவிட்டது இரண்டாவது. பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் ஊற்றிச் செய்த போலி ஒயின் மூன்றாவது. லாங்டாக்கின் தோட்டங்கள் மீண்டு காய்க்கத் தொடங்கியபோதும் இவை ஓயவில்லை. 1903-இல் சர்க்கரை மீதான வரி குறைந்ததும் போலி ஒயின் மேலும் மலிந்தது. 1900 முதல் விலை சரிந்தது. சில ஆண்டுகளில் ஒரு ஹெக்டோலிட்டர் 10 பிராங்குக்கும் கீழே போயிற்று. உற்பத்திச் செலவுகூடத் திரும்பவில்லை. தோட்டக்காரரும் கூலியாளும் பீப்பாய் செய்பவரும் கடைக்காரரும் ஒருசேரக் கடனில் மூழ்கினார்கள், ஏனென்றால் அந்த மண்ணில் கொடியைத் தவிர வேறு பிழைப்பே விட்டுவைக்கப்படவில்லை.

ஓட் மாவட்டத்தின் ஆர்ஜெலியே ஊரில் காபிக்கடை நடத்திய சிறு தோட்டக்காரர் மார்சலான் அல்பெர். 1907 மார்ச் 11 அன்று அவர் 87 தோட்டக்காரர்களோடு நார்பான் வரை நடந்து சென்று நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிட்டார். அதன்பின் ஞாயிறுதோறும் ஓர் ஊரில் கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில் சில நூறு பேர். மே 5 அன்று நார்பானில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அடுத்த ஞாயிறு பெசியேயில் ஒன்றரை லட்சம். ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் கூடியோர் எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்படுகிறது. பணக்காரப் பண்ணையாரும் கூலியாளும், முடியாட்சி விரும்பியவரும் சோசலிஸ்டும் ஒரே மேடையில் நின்றார்கள். இயற்கை ஒயினைக் காப்பதும் போலியை ஒழிப்பதுமே அவர்களுடைய கோரிக்கை. நார்பானின் சோசலிஸ்ட் மேயர் எர்னெஸ்ட் ஃபெருல் பதவியைத் துறந்தார். நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் அவரைப் பின்பற்றி அலுவலகங்களை மூடின.

பிரதமர் கிளெமான்சோ படையை அனுப்பினார். ஜூன் 19 அன்று ஃபெருல் கைது செய்யப்பட்டார். அன்றும் மறுநாளும் நார்பானில் படையினர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் 20 வயதுப் பெண். அந்தச் செய்தி ஆக்ட் நகரில் இருந்த 17-ஆம் காலாட்படைப் பிரிவை எட்டியது. அதன் வீரர்கள் அதே வட்டாரத்துத் தோட்டக்காரர்களின் பிள்ளைகள். ஏறத்தாழ 500 பேர் ஆயுதங்களோடு வெளியேறி, இரவு முழுவதும் நடந்து பெசியேக்கு வந்து மக்களோடு சேர்ந்தார்கள். பின்னர் அவர்கள் துனிசியாவின் கஃப்சாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மார்சலான் அல்பெர் பாரிசில் கிளெமான்சோவை நேரில் சந்தித்தார். ஊர் திரும்பும் ரயில் கட்டணத்துக்காகப் பிரதமர் கொடுத்த 100 பிராங்கை அவர் வாங்கிக்கொண்டார். கிளெமான்சோ அதைப் பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட, சொந்த மக்களிடமே அல்பெர் மதிப்பிழந்தார்.

தலைவர் வீழ்ந்தாலும் கோரிக்கை வென்றது. 1907 ஜூன் 29 அன்று நிறைவேறிய சட்டம் ஒவ்வொரு தோட்டக்காரரும் தம் விளைச்சலை ஊராட்சியில் அறிவிக்க வேண்டும் என்றது; ஒயினில் சேர்க்கும் சர்க்கரைக்கு வரியை உயர்த்தியது. செப்டம்பரில் வந்த ஆணை, புதிய திராட்சையை அல்லது அதன் சாற்றை நொதிக்கவைத்துப் பெறுவது மட்டுமே ஒயின் என்று வரையறுத்தது. கலப்படத் தடுப்புத் துறையும் தோட்டக்காரர்களின் கூட்டமைப்பும் அதே ஆண்டில் தோன்றின. பிரெஞ்சு ஒயின் புட்டியில் இன்று உலகம் வைக்கும் நம்பிக்கைக்குத் தெற்கத்து மக்கள் கொடுத்த விலை பெரிது. அதன் பயன் பெரும்பாலும் பெயர்பெற்ற பிற வட்டாரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

கூட்டுறவும் பட்டாளத்துப் பீப்பாயும்

கலகத்துக்கு முன்பே இன்னொரு வழி பிறந்திருந்தது. பெசியேக்கு அருகே மரோசான் ஊரில் சிறு தோட்டக்காரர்கள் 1901-இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்து, இடைத்தரகர் இன்றிப் பாரிசின் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு ஒயினை விற்றார்கள். 1905-இல் சோசலிஸ்ட் தலைவர் ஜான் ஜோரெஸ் அங்கு வந்து அதைப் பாராட்டினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் லாங்டாக் ஊர்களில் கூட்டுறவு ஆலைகள் வரிசையாக எழுந்தன. கோயில் கோபுரத்துக்கு இணையாக ஊருக்கு ஊர் உயர்ந்து நிற்கும் அந்தக் கட்டடங்கள் சிறு தோட்டக்காரர்களைக் காப்பாற்றின. ஆனால் எல்லாருடைய திராட்சையும் ஒரே தொட்டியில் விழுந்ததால், குன்றில் விளைந்ததும் சமவெளியில் விளைந்ததும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. ஒயினுக்கு விலை அதன் மதுச் செறிவைப் பொறுத்துக் கணக்கிடப்பட்டதே தவிர, சுவையைப் பொறுத்து அல்ல.

முதல் உலகப்போர் தொடங்கியதும் தெற்கத்துத் தோட்டக்காரர்கள் படைக்கு 200,000 ஹெக்டோலிட்டர் ஒயினை நன்கொடையாக வழங்கினார்கள். பதுங்குகுழியில் இருந்த ஒவ்வொரு வீரருக்கும் நாள்தோறும் ஒயின் பங்கீடு உண்டு. ஒயின் குடித்தறியாத வட்டாரங்களிலிருந்து வந்த இளைஞர்களும் அதில் பழகினார்கள். போர் முடிந்ததும் தேவை பெருகியது, அதனோடு மிகை விளைச்சலும். 1931-இல் அரசு மிகை விளைச்சலுக்கு வரி விதித்தது, மீந்ததை வடிக்கச் சொன்னது.

1935-இல் பிறப்பிடப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் முறை பிறந்தது. எந்த ஊர், எந்த வகை, எவ்வளவு விளைச்சல் என்று வரையறுத்து, அதற்குள் வருவதற்கு மட்டும் அந்தப் பெயரை வழங்கும் முறை அது. லாங்டாக்குக்கு முதலில் கிடைத்தவை மிகச் சில: 1936-இல் ஃப்ரோந்தினியான் மஸ்கட், 1938-இல் லிமூவின் பிளான்கெத். சிவப்பு ஒயினில் 1948-இல் ஃபித்து மட்டும். போர்தோவும் பர்கண்டியும் ஊர் ஊராகப் பெயர் வாங்கிக்கொண்டபோது லாங்டாக்கின் பெரும்பகுதி வெறும் மேசை ஒயின் என்ற அடையாளத்தோடு நின்றது.

கொடி பிடுங்கிய காலம்

1960-களின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்குச் சராசரியாக 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். அதன் பின் அது இடைவிடாமல் குறைந்தது. உடலுழைப்பு குறைந்தது, மதிய உணவோடு ஒயின் அருந்தும் பழக்கம் தேய்ந்தது. குறைவாக, ஆனால் நல்லதாக அருந்துவது வழக்கமாயிற்று. லாங்டாக் தயாரித்தது எதுவோ அதைத்தான் மக்கள் கைவிட்டார்கள். 1970-க்குப் பின் ஐரோப்பியப் பொதுச்சந்தை வழியாக இத்தாலிய ஒயின் வரியின்றி வந்தது. தோட்டக்காரர்கள் சாலைகளை மறித்தார்கள், ஒயின் தொட்டி வண்டிகளைக் கவிழ்த்தார்கள். 1976 மார்ச் 4 அன்று நார்பானுக்கு அருகே மோன்ரெதோனில் துப்பாக்கிச் சண்டை மூண்டு, தோட்டக்காரர் ஒருவரும் காவல்படை அதிகாரி ஒருவரும் உயிரிழந்தார்கள்.

கொடியைப் பிடுங்குபவருக்கு ஐரோப்பியச் சமூகம் பணம் கொடுத்தது. 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டப்பரப்பு சில பத்தாண்டுகளில் ஏறத்தாழ பாதியாயிற்று. அராமோன் அநேகமாக மறைந்தது. ஆனால் இந்தப் பிடுங்கலில் ஒரு கேடும் நேர்ந்தது. மேட்டு நிலத்தில் இருந்த வயதான கொடிகள் குறைவாகக் காய்ப்பவை. கணக்குப் பார்த்த குடும்பங்கள் முதலில் அவற்றையே பிடுங்கின.

குன்றுக்குத் திரும்பியவர்கள்

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு தொடங்கியது. மியோ நகரில் தோல் கையுறைத் தொழில் நடத்திய எமே கிபேர் 1970-இல் அனியானுக்கு அருகே ஒரு பண்ணையை வாங்கினார். அதைப் பார்க்க வந்த போர்தோ பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் ஆன்றி ஆன்ஜால்பேர், பனியுகத்தில் காற்று கொண்டுவந்து குவித்த அந்தச் செம்மண்ணில் மிகச் சிறந்த ஒயின் விளையும் என்றார். போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் வல்லுநர் எமில் பெய்னோ அறிவுரை தர, மா த தோமாஸ் கசாக் என்ற பெயரில் 1978-இல் முதல் சிவப்பு ஒயின் உருவானது. அதில் முதன்மையானது கபர்னே சோவினியோன் வகை. வட்டார விதிகளுக்கு அது உட்படாததால், மேசை ஒயினுக்குச் சற்றே மேலான நாட்டு ஒயின் என்ற எளிய அடையாளத்தோடுதான் விற்க முடிந்தது. 1982-இல் கோ-மியோ இதழ் அதைப் போர்தோவின் புகழ்பெற்ற லாஃபித் ஒயினோடு ஒப்பிட்டது. பெயருக்கும் தரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை இந்த ஒரு புட்டி நாட்டுக்கு எடுத்துக்காட்டியது.

செத் நகரின் வணிகர் ரொபேர் ஸ்கால்லி வேறொரு வழியில் சென்றார். ஷார்தோனே, மெர்லோ, சிரா என்று திராட்சை வகையின் பெயரையே புட்டியில் அச்சிட்டு விற்கும் புதிய உலக முறையைத் தெற்குக்குக் கொண்டுவந்தார். 1987-இல் பே தோக் என்ற பரந்த வட்டாரப் பெயர் இதற்காகவே உருவானது. ஊரின் பெயர் அறியாத வெளிநாட்டு வாங்குபவருக்கும் அந்தப் புட்டி புரிந்தது. கூட்டுறவு ஆலைகள் பலவும் இந்த வழியில் மீண்டன.

குன்றுகளுக்கும் ஒவ்வொன்றாகப் பெயர் கிடைத்தது. 1982-இல் ஃபோழேர், சாந்-ஷினியான், 1985-இல் கோர்பியே, மினெர்வுவா, கோத்தோ து லாங்டாக், 1999-இல் மினெர்வுவா-லா-லிவினியேர், 2014-இல் தெராஸ் து லார்ஸாக், 2017-இல் பிக் சாந்-லூ. விதிகள் சிரா, மூர்வெத்ர் வகைகளைச் சேர்க்கச் சொல்லி, கரிஞான் வகையைக் குறைக்கச் சொன்னன. சமவெளியில் மிகுதியாகக் காய்த்தபோது கரிஞான் கசப்பும் புளிப்பும் மிகுந்த ஒயினைத் தந்தது உண்மை. ஆனால் சிஸ்ட் குன்றில் அறுபது, எண்பது வயதான கரிஞான் கொடிகள் ஆழமான ஒயினைத் தரும் என்பதை அடுத்த தலைமுறை காட்டியது. குலையை நசுக்காமல் முழுதாகக் கரியமிலவாயுவில் நொதிக்கவிடும் முறை அதன் முரட்டுத்தன்மையைத் தணித்தது.

2000-இல் கலிஃபோர்னியாவின் மொந்தாவி நிறுவனம் அனியான் காட்டுக் குன்றில் ஏறத்தாழ 50 ஹெக்டேரில் கொடி நட முன்வந்தது. ஊர் இரண்டுபட்டது, திட்டத்தை எதிர்த்தவர் 2001-இல் மேயரானார், நிறுவனம் விலகியது. 2004-இல் வந்த மொந்தோவினோ ஆவணப்படத்தில் இந்தப் பூசல் இடம்பெற்றது. ஒரு காலத்தில் விலைபோகாத குன்று இப்போது வெளிநாட்டு நிறுவனம் தேடிவரும் மண்ணாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

விலையின் காரணமும் இன்றைய வட்டாரங்களும்

லாங்டாக்கில் நல்ல ஒயின் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைப்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது, நிலத்தின் விலை: புகழ்பெற்ற வட்டாரங்களோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு ஹெக்டேர் மிகமிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, புதிதாக வரும் இளைஞரும் தோட்டம் வாங்க முடிகிறது. இரண்டாவது, உலர்காற்று: பூஞ்சைமருந்துச் செலவு குறைவு. பிரான்சில் இயற்கைமுறைத் திராட்சைச் சாகுபடியில் இந்தத் தென்பகுதி முன்னணியில் இருப்பதும் இதனால்தான். மூன்றாவது, கூட்டுறவு: ஆலையையும் கருவிகளையும் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். நான்காவதும் முதன்மையானதும் பெயர். மேசை ஒயினின் நாடு என்ற பழைய எண்ணம் சந்தையில் இன்னும் முழுதாக நீங்கவில்லை.

வட்டாரங்களுக்குள் குணம் பெரிதும் மாறுகிறது. தோ காயலின் கரையில் விளையும் பிக்பூல் த பினே புளிப்பு மிகுந்த வெள்ளை ஒயின்; அதே காயலில் வளரும் பூசீக் சிப்பிகளோடு அருந்துவது அவ்வூர் வழக்கம். ஃபோழேர் முழுவதும் சிஸ்ட் மண். சாந்-ஷினியானின் வடபாதி சிஸ்ட், தென்பாதி சுண்ணாம்பு. ஒரே பெயரில் இரு வேறு ஒயின்கள். கோர்பியேயில் பழைய கரிஞான் மிகுதி. ஒரு காலத்தில் தீவாக இருந்த லா கிளாப் குன்றில் கடற்காற்று படும் பூர்பூலான்க் வகை வெள்ளை ஒயின் விளைகிறது. லார்ஸாக் பீடபூமியிலிருந்து இரவில் இறங்கும் குளிர், தெராஸ் து லார்ஸாக் சிவப்பு ஒயினுக்குத் தெளிவு தருகிறது. லிமூவின் நுரை ஒயின் ஷாம்பெய்னைப்போலவே புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கிறது. விலையோ பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். மஸ்கட், மோரி, பானியூல்ஸ் முதலிய இனிப்பு ஒயின்களுக்கு இன்று வாங்குவோர் குறைந்திருப்பதால், பல ஆண்டுகள் முதிர்ந்தவையும் எட்டும் விலைக்குக் கிடைக்கின்றன. பிக் சாந்-லூவும் தெராஸ் து லார்ஸாக்கும் பெயர் பெற்ற பிறகு விலை ஏறியிருக்கின்றன. பெயருக்கும் விலைக்கும் உள்ள உறவை அவை உறுதிசெய்கின்றன.

இதே வரலாற்றைச் சிறு மாற்றங்களோடு ஐரோப்பாவின் வேறு வட்டாரங்களிலும் காணலாம். இத்தாலியின் புல்யா பல தலைமுறைகளாக வடக்கத்து ஒயின்களுக்கு வலுவூட்டத் தொட்டி வண்டிகளில் ஒயினை அனுப்பியது. ஸ்பெயினின் லா மான்ச்சா மலிவு ஒயினுக்கும் பிராந்திக்கும் சாறு தந்தது. அங்கெல்லாம் மலிவு என்பது மொத்தச் சந்தைக்காக நட்ட காலத்தின் எச்சம். எங்கே பழைய கொடியும் மெலிந்த மண்ணும் பிழைத்திருக்கின்றனவோ அங்கே விலைக்கு மேல் மதிப்புள்ள ஒயின் கிடைக்கிறது.

லாங்டாக்கின் இன்றைய கவலை வெப்பம். 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்தின் வெராழ்க் ஊரில் 46 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரான்சில் அதுவரை பதிவான உச்சம் அது. அன்று ஒரே பகலில் தோட்டங்களில் இலையும் குலையும் கருகின. இதற்கிடையே 2024-இல் அரசு ஹெக்டேருக்கு 4,000 யூரோ வீதம் கொடுத்து மறுபடியும் கொடி பிடுங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் கோர்பியே குன்றுகளில் பரவிய காட்டுத்தீ ஏறத்தாழ 16,000 ஹெக்டேரை எரித்தது. பசுமையான திராட்சைத் தோட்டம் தீயைத் தடுக்கும் வரப்பாகவும் நிற்பதால், கொடி பிடுங்கிய மேட்டில் தீ எளிதில் பரவுகிறது என்பதை அவ்வட்டாரத்தார் எடுத்துச் சொன்னார்கள். ஆகவே குன்றில் கொடி நிலைப்பது ஒயினை மட்டும் பொறுத்த செய்தியாக இல்லை. குன்றில் குறைவாகக் காய்க்கும் கொடிக்குச் சமவெளியின் விலையே கிடைத்தால் தோட்டக்காரர் அதைப் பிடுங்கிவிடுவார். அதற்கான உழைப்புக்கு ஏற்ற விலை கிடைத்தால் வைத்துக்கொள்வார். லாங்டாக்கின் குன்று ஒயினுக்கு இன்று சந்தை தரும் விலை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.